கூழுக்கு விலை வைத்தவர்

தொடக்க நூலின் 25ஆம் அதிகாரத்தைக் கையிலெடுக்காத மறையுரையாளர் அரிதினும் அரிதே. வேட்டையாடிக் களைத்துத் திரும்பிய ஏசா, தம்பி யாக்கோபு அடுப்பிலேற்றியிருந்த சிவந்த பயற்றங்கூழைக் கண்டான். அதற்கு ஈடாகத் தன் தலைமகனுரிமையை ஆணையிட்டுக் கொடுத்தான். வயிறு நிறைந்ததும் ஒன்றும் நடவாதவன்போல் எழுந்து போனான். பின்னாளில் அவன் ஈசாக்கின் முன் கதறி அழுதும் முதல் ஆசி அவனுக்குக் கிட்டவில்லை. எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகமோ அவனை உலகப் பற்றாளர்க்கு உவமையாகவே நிறுத்திவிட்டது. ஒரு வேளைப் பசிக்காக இறையாசியை இழப்பதன் கேட்டை விளக்க இதைவிடப் பொருத்தமான பகுதி இல்லை என்றே நாமும் குருமடத்தில் கற்றோம். பல ஆண்டுகள் பீடத்தில் நின்று அவ்வாறே கற்பித்தும் வந்தோம்.

அந்தக் கதையை ஒரு மூதாட்டியிடம் சொல்லப்போய், அவரிடமே நாம் பாடம் கேட்க நேர்ந்தது.

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், திருநின்றவூரை அடுத்து வருவது வேப்பம்பட்டு. 1856ஆம் ஆண்டு சூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய தென்னிந்தியாவின் முதல் பயணியர் இரயில் இவ்வழியாகத்தான் சென்றது. வயலும் ஏரியுமாக இருந்த அவ்வூர் இப்போது மனைப்பிரிவுகளாகிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து ஒரு குடும்பத்தார் ஒரு மாலைப்பொழுதில் நம் பங்கு அலுவலகத்திற்கு வந்தனர். தாய், அவருடைய மாமியார், கையில் ஏழு மாதப் பெண் குழந்தை. மூத்த மகன் மேல்நிலைப் பள்ளி இறுதியாண்டில் படித்துக்கொண்டிருந்தான். அவனுடைய சாதிச் சான்றிதழ் ‘இந்து ஆதிதிராவிடர்’ என்றிருந்தது. கல்லூரிச் சேர்க்கை முடியும்வரை கைக்குழந்தையின் திருமுழுக்கைத் தள்ளிவைக்க முடியுமா என்பதே அவர்கள் வேண்டுகோள். பதிவேட்டில் பெயர் ஏறினால், விசாரணை வரும்போது மூத்தவனுக்குச் சிக்கலாகிவிடுமோ என்று அஞ்சினர்.

நாம் ஏசாவை எடுத்துச் சொன்னோம். சற்றே கடுமையாகவும் சொன்னோம் என்பதை மறைப்பதற்கில்லை. மருமகள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். மாமியார் மட்டும் சிறிது நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: “ஏன் சாமி, அண்ணங்காரன் பசின்னு வந்து நிக்கிறான். கூடப் பொறந்தவன் அடுப்புல கூழு கொதிக்குது. ஒரு கிண்ணி சும்மா ஊத்தினா இவனுக்கு என்ன கொறைஞ்சிடும்? எங்க தெருவுல ஆடி மாசம் அம்மன் கோயில்ல ஊத்துறாங்க. யாரு, என்னன்னு கேக்கறதில்லையே.”

நம்மிடம் மறுமொழி இல்லை. அவர்கள் புறப்பட்டுச் சென்றபின் அந்த அதிகாரத்தை மீண்டும் படித்தோம். இத்தனை ஆண்டுகளாக நம் கண்ணில் படாத இரண்டு செய்திகள் அதில் இருந்தன. ஏசா பஞ்சத்தில் அடிபட்டவன் அல்லன். ஆடுமாடுகள் நிறைந்த ஈசாக்கின் வீட்டுப் பிள்ளை. சாகப்போகிறேன் என்று அவன் சொன்னது ஒரு மாலைநேரப் பசியை ஊதிப் பெருக்கிய பேச்சு. உள்ளே போனால் தாயே சோறிட்டிருப்பாள். அவன்மீது மறைநூல் கூறும் குற்றம் இதனால்தான் நிலைக்கிறது. அடுத்தது, உரிமையைக் கேட்டது யாக்கோபு. விலை பேசியவன் அவன்; ஆணையிடச் சொன்னவனும் அவனே. ஏசா ஏமாற்றப்பட்டான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நாம் நெடுங்காலமாக உண்டவனை மட்டுமே கூண்டில் ஏற்றி, அகப்பையைக் கையில் வைத்திருந்தவனைச் சாட்சிகூடச் சொல்ல அழைத்ததில்லை.

இந்தக் கண்ணோடு நம் மண்ணின் கிறிஸ்தவ வரலாற்றைப் பார்த்தால் பல இடங்களில் தயங்கி நிற்க வேண்டியிருக்கிறது.

முத்துக்குளித்துறைப் பரதவர் 1536-37ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றது, கடலில் தம்மை நெருக்கியவர்களிடமிருந்து போர்த்துக்கீசியரின் காவல் வேண்டித்தான். அதை எந்த வரலாற்றாசிரியரும் மறைக்கவில்லை. காவல் கொடுத்தவர்களும் முத்துக்குளிப்பின் ஆதாயத்தைக் கருதாமல் கொடுக்கவில்லை. 1542இல் வந்த புனித சவேரியார், தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் ஒன்றும் அறியாத மக்களையே அங்குக் கண்டார். உடனடித் துயர் நீங்கினால் போதும் என்று வந்தவர்களே அவர்கள். ஆனால் காவல் கொடுத்தவர்கள் போய்விட்டார்கள், முத்தும் போய்விட்டது, விசுவாசம் போகவில்லை. தூத்துக்குடியிலும் மணப்பாட்டிலும் இன்றும் அது அலைபோல் எழுந்து நிற்கிறது. கூழுக்காக வந்தவர்கள் என்று யாரைப் பற்றியும் இறுதித் தீர்ப்பு எழுத நமக்குத் துணிவில்லாமற்போவது இங்கேதான்.

ஆனால் நாம் இங்கு விரித்துரைக்க விரும்புவது தாது வருடத்துப் பஞ்சத்தை. 1876இல் பருவமழை பொய்த்தது; மறுஆண்டும் சென்னை மாகாணத்தின் பல மாவட்டங்களில் விளைச்சல் இல்லை. 1878 வரை நீடித்த அப்பெருங்கொடுமையில் இந்தியாவில் இறந்தோர் 50 இலட்சத்திற்கு மேல் என்பர். பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட 1877 சனவரியில் வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்வோருக்குக் கொடுத்த தானியத்தை நாளொன்றுக்கு ஒரு பவுண்டாகக் குறைத்தார். அதனுடன் சிறு சில்லறை. நம் அளவில் அரைக் கிலோவுக்கும் குறைவு. மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இதைத் தின்று ஒருவன் மண்வெட்டி பிடிக்க முடியாது என்று கடுமையாக எதிர்த்து எழுதினார். ஆட்சியாளர் கவலை வேறு: எளிதாகக் கொடுத்தால் மக்கள் சோம்பிவிடுவார்கள்! பட்டினியால் நடக்கவும் மாட்டாதவர்களைப் பற்றி எழுந்த கவலை அது. வடசென்னையிலே 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தை ஒட்டித் தோன்றிய மணியக்காரர் சத்திரம் என்ற கஞ்சித்தொட்டி ஒன்று இருந்தது. அதன் அருகே பிற்காலத்தில் எழுந்த ஸ்டான்லி மருத்துவமனையை இன்றும் முதியோர் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே அழைக்கக் கேட்கிறோம். கஞ்சியை மறக்காத ஊர் இது.

அப்பஞ்ச காலத்திலும் அதை அடுத்தும் மாகாணமெங்கும் ஒடுக்கப்பட்ட மக்கள் பெருந்திரளாகக் கிறிஸ்தவத்தை நாடினர். வடஆர்க்காட்டில் சேத்துப்பட்டை நடுவாகக் கொண்டு தர்ராஸ் சுவாமிகள் வளர்த்த கிராமச் சபைகள் நம் திருச்சபை அறிந்தவை. ‘கஞ்சிக்கு வேதத்தில் சேர்ந்தவன்’ என்ற ஏச்சு அந்த நாள்களில்தான் ஊன்றிப்போனது. பேரர்களின் பேரர்கள்வரை அது தொடர்ந்து வருகிறது. அந்த ஏச்சைப் பிறர் நம்மை நோக்கிச் சொல்வதைவிட, பழைய கிறிஸ்தவர்கள் புதிய கிறிஸ்தவர்களை நோக்கிச் சொன்னதே அதிகம் என்பது நம் பங்கு அனுபவம்.

அதே பஞ்சத்தில், அக்காலத்தில் நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஓங்கோலில் நடந்ததைச் சொல்லாமல் விடலாகாது. அங்குப் பணியாற்றிய ஜான் கிளவ் அமெரிக்க பாப்டிஸ்டு போதகர். நம் திருச்சபையினர் அல்லர். இளமையில் நில அளவையாளராக இருந்தவர். சென்னை வழியாக ஓடும் பக்கிங்காம் கால்வாயை வடக்கே நீட்டும் பணி பஞ்ச நிவாரணமாக நடந்தபோது, சில மைல் தொலைவை அவர் ஒப்பந்தத்துக்கு எடுத்து, பட்டினி கிடந்த ஆயிரக்கணக்கானோருக்கு வேலையும் கூலியும் கொடுத்தார். அவர்களுள் பெரும்பாலோர் மாதிகர், அதாவது தோல் தொழிலாளர். வேலை தேடி வந்தவர்கள் திருமுழுக்கும் கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். ஒரு நாளல்ல, ஒரு வாரமல்ல. 1877ஆம் ஆண்டு தொடங்கி ஓராண்டுக்கும் மேலாகத் திருமுழுக்கையே நிறுத்தி வைத்தார். கூலிக்கும் கூழுக்கும் திருமுழுக்கு விலையாகிவிடக் கூடாது. திருமுழுக்குக்குக் கூழும் விலையாகிவிடக் கூடாது. பஞ்சம் தணிந்து, கொடுப்பதற்கு இனிப் பணமில்லை என்ற பின்னும் அவர்கள் வந்தார்கள். 1878 சூலை 3ஆம் நாள் ஒரே நாளில் குண்டலகம்மா ஆற்றில் 2,222 பேர் திருமுழுக்குப் பெற்றனர்.

எண்ணிக்கையைக் கண்டு வியப்பவர்கள் பலர். நம்மை வியக்கவைப்பது அதற்கு முந்தைய ஓராண்டு. கூழையும் ஆசியையும் இரு கைகளில் வைத்திருந்த ஒருவர், ஒன்றை மற்றொன்றுக்கு மாற்றாமல் இருந்தார். யாக்கோபு செய்யத் தவறியதைச் செய்தார். நம் ஆண்டவரும் இதைத்தானே செய்தார்! யோவான் நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்தபோது அவர் யாரிடமும் உறுதிமொழி கேட்கவில்லை. அப்பத்துக்காகவே தேடி வந்தீர்கள் என்று மறுநாள் வெளிப்படையாகக் கடிந்துகொண்டார். வாழ்வளிக்கும் உணவு தாமே என்றார். சீடர் பலர் அந்த வார்த்தை கடினம் என்று விட்டுப் போயினர். தின்ற அப்பத்துக்குக் கணக்குக் கேட்டு அவர் யாரையும் தடுத்து நிறுத்தவில்லை.

இனி, வேப்பம்பட்டுக் குடும்பத்தின் கையிலிருந்த அந்தச் சான்றிதழுக்கு வருவோம். அதன் வரலாறு 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதியினர் ஆணையிலிருந்து தொடங்குகிறது. அதன் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தைச் சாராத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் வெளியிலேயே நிற்கின்றனர். தமிழகத்தில் பட்டியல் சாதியினருக்கான இடஒதுக்கீடு 18 விழுக்காடு. திருமுழுக்குப் பெற்ற ஆதிதிராவிடரோ பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் பிறருடன் போட்டியிட வேண்டும். கல்விச் சலுகைகள் சிலவற்றை மாநில அரசு அவர்களுக்கும் நீட்டித்திருப்பது உண்மையே. ஆயினும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காவலும் தனித்தொகுதிகளும் அவர்களுக்கு இல்லை. சேரியில் இருவர் அடிபட்டால், ஒருவனுக்குச் சட்டம் உண்டு. கோவிலுக்கு வருபவனுக்கு இல்லை.

இந்நிலையில் பலர் இரண்டு பெயர்களோடு வாழக் கற்றுக்கொண்டனர். பள்ளியில் ஒரு பெயர், பலிபீடத்தில் ஒரு பெயர். அவர்களை ஏசாக்கள் என்று நாம் அழைத்தோம்.

அப்படி வாழாத ஒருவரும் இருந்தார். சூசை என்பது அவர் பெயர், சென்னையில் சாலையோரத்தில் செருப்புத் தைத்தவர், ஆதிதிராவிடக் கிறிஸ்தவர். தெருவோரம் வெயிலில் அமர்ந்து தொழில் செய்யும் தோல் தொழிலாளருக்கு இலவசமாகப் பெட்டிக்கடை தரும் அரசுத் திட்டம் ஒன்று 1980களின் தொடக்கத்தில் வந்தது. இந்து ஆதிதிராவிடருக்குக் கிடைத்தது. கிறிஸ்தவர் என்பதால் சூசைக்குக் கிடைக்கவில்லை. ஒரே தெரு, ஒரே ஊசி, ஒரே வெயில். இந்து சமயத்துக்குத் திரும்பியவர் தம் சாதியாரால் ஏற்கப்பட்டால் பழைய நிலையைப் பெறலாம் என்று உச்சநீதிமன்றம் 1976இலேயே கூறியிருந்தது. ஆக, வழி அடைக்கப்பட்டிருக்கவில்லை. ஒரு சடங்கு, ஒரு சான்றிதழ். தலைக்கு மேல் ஒரு கூரை, கருவிகளைப் பூட்டி வைக்க ஒரு கதவு. நம் பாதிரிமார் யாரேனும் அவரிடம் ஏசாவைப் பற்றிப் பிரசங்கித்தார்களோ இல்லையோ, அவர் அந்த வழியே போகவில்லை. கூழ் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கூழும் என் உரிமை, என் பெயரும் என் உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்.

1985 செப்டம்பர் 30ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அது அவருக்கு எதிராகவே அமைந்தது. மதம் மாறியபின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. கிறிஸ்தவ சமூகத்துக்குள்ளேயும் அதே அளவு இழிவும் ஒடுக்குமுறையும் தொடர்கின்றன என்பதை மெய்ப்பிக்க வேண்டும். அதற்குரிய சான்றுகள் முன்வைக்கப்படவில்லை என்பது நீதிபதிகளின் முடிவு.

இவ்விடத்தில் நாம் வாய்மூடி நிற்க வேண்டியவர்களாகிறோம். ஏனெனில் அந்தச் சான்றுகள் யாரிடம் இருந்தன? நம்மிடம் இருந்தன. வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த ஆலயத்திலே ஒரு சாதியார் மற்றொரு சாதியாரைக் காணாதபடி நடுவே சுவர் எழுப்பப்பட்டிருந்ததும், 1910இல் கௌசானல் அடிகளார் அதை இடிக்கும்வரை அது நின்றதும் நம் பதிவேடுகளில் இருக்கின்றன. தனிக் கல்லறைகள், தேர் வராத தெருக்கள், தனி வரிசைகள் ஆகியவற்றை நம் குருக்கள் அறிவர். ஆனால் உலகத்தார் முன், கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று பெருமையோடு சொல்லிக்கொண்டோம். அந்தப் பெருமையின் விலையைச் செருப்புத் தைத்தவர் கொடுத்தார். தீண்டாமை திருச்சபைக்குள்ளும் இருக்கிறது என்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை ஒரு கொள்கை ஆவணமாகவே ஒப்புக்கொண்டு வெளியிட்டது 2016 டிசம்பரில். சூசையின் தீர்ப்பு வந்து 31 ஆண்டுகள் கழிந்திருந்தன.

அதன் பின்னும் வழக்கு ஓயவில்லை. 2007இல் நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் சாதிப் பட்டியலை மதத்திலிருந்து பிரிக்கப் பரிந்துரைத்தது. 2022இல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைந்தது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் இக்கோரிக்கையை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2024 நவம்பரில், புதுச்சேரியைச் சேர்ந்த, குழந்தைப் பருவத்தில் திருமுழுக்குப் பெற்ற ஒரு பெண் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டுத் தொடுத்த வழக்கில், நம்பிக்கையின்றிப் பயனுக்காக மட்டும் மதம் மாறியதாகச் சொல்வது அரசியலமைப்பின்மீது செய்யும் மோசடி என்று உச்சநீதிமன்றம் கூறியது. நீதிமன்றத்துக்கும் ஏசாவைத் தெரிந்திருக்கிறது. யாக்கோபைத்தான் அங்கும் யாரும் அழைக்கவில்லை.

அப்படியானால் ஆசியைக் கைவிட்டு உடனடி ஆறுதலைத் தேடுவது குற்றமில்லையா என்று வாசகர் கேட்கலாம். குற்றமே. வீட்டில் சோறிருக்க வெளியில் உரிமையை விற்கும் ஏசாக்கள் நம் பங்குகளில் இல்லாமலில்லை. ஆனால் அவர்கள் பெரும்பாலும் முன்வரிசைகளில் இருக்கிறார்கள். மகளின் திருமணத்தில் வரதட்சணை பேசும்போது நற்செய்தியை ஓரமாக வைத்துவிட்டு, பேச்சு முடிந்ததும் எடுத்துக்கொள்கிறவர்கள். பள்ளிச் சேர்க்கைக் காலத்தில் மட்டும் பங்குத்தந்தையின் கடிதத்துக்காக ஞாயிறு தவறாமல் வந்து, சேர்க்கை முடிந்த வாரமே மறைந்துவிடுபவர்கள். (இவர்களை அடையாளம் காண நமக்குக் காலண்டர் போதும்.) இவர்களுடையது ஒரு மாலைநேரப் பசி. தலைமுறை தலைமுறையாக ஆறாத பசியை இதனோடு சேர்த்து எடைபோட்டது நம் பிழை.

அந்தக் கடிதத்தை எழுதும்போது நாம் எப்படி நடந்துகொண்டோம் என்பதையும் சொல்லிவிடுவோம். ஒருமுறை கூலிவேலை செய்யும் ஒரு தாய் கடிதம் கேட்டு வந்தபோது, மூன்றாண்டுச் சந்தா பாக்கியிருப்பதைப் பதிவேட்டில் காட்டி, கட்டிவிட்டு வரச் சொன்னோம். கட்டினார். எங்கே கடன் வாங்கினாரோ, நாம் கேட்கவில்லை. கையெழுத்திட்டு முத்திரை குத்திக் கொடுத்தோம். அன்று நம் மேசைமேல் இருந்தது கூழ்ப்பானை என்பது, வேப்பம்பட்டு மூதாட்டி வந்து கேட்கும்வரை நமக்குத் தோன்றவேயில்லை.

அந்தக் குடும்பத்தைத் தேடி அடுத்த வாரம் நாமே சென்றோம். திருமுழுக்கைத் தள்ளிவைப்பதை நம்மால் சரியென்று சொல்ல இயலாது. அது குழந்தைக்குரிய கொடை, அதைத் தர நாம் எந்த நாளும் காத்திருக்கிறோம், எதையும் ஈடாகக் கேட்கமாட்டோம் என்று மட்டும் சொன்னோம். ஏசாவின் பெயரை எடுக்கவில்லை. அந்த ஆண்டு பாஸ்காத் திருவிழிப்பில் குழந்தைக்குத் திருமுழுக்கு நடந்தது. மூத்தவன் கிறிஸ்தவன் என்றே விண்ணப்பித்தான். அவன் விரும்பிய படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை. அம்பத்தூரில் தொழிற்பயிற்சியில் சேர்ந்தான். இதை வெற்றியென்று எழுத நமக்குக் கை வரவில்லை. நாம் அறிவுரை சொன்னோம். இடத்தை இழந்தவன் அவன்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு, வீடு மந்திரிக்க வேப்பம்பட்டுக்குப் போயிருந்தபோது அவர்கள் வீட்டுக்கும் சென்றோம். தெருமுனையில் ஒலிபெருக்கி முழங்கிக்கொண்டிருந்தது. மூதாட்டி ஒரு கிண்ணி நிறையக் கேழ்வரகுக் கூழும், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும் கொண்டுவந்து வைத்தார். வெயிலுக்கு இதமாக இருந்தது. வீட்டில் காய்ச்சியதா, தெருமுனையில் வாங்கியதா என்று நாம் கேட்கவில்லை.